டோரு பள்ளத்தாக்கில் ஒருநாள் ஒயின் பயணம்: ரயிலா, காரா, வேனா, படகா?

போர்ச்சுகலின் போர்ட்டோ நகரில் மூன்று நான்கு நாள் தங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியில் வந்து சிக்கிக்கொள்கிறார்கள். ஒரு நாளை டோரு ஆற்றுப் பள்ளத்தாக்குக்கு ஒதுக்கியாகிவிட்டது, ஆனால் எப்படிப் போவது? ரயிலில் போனவர் ரயில்தான் என்கிறார், கார் எடுத்தவர் காரில்லாமல் போகாதே என்கிறார். இருவருமே பொய் சொல்லவில்லை. அவர்களுடைய குழுவுக்கும் பருவத்துக்கும் அது பொருந்தியிருக்கும். உங்களுக்கு எது பொருந்தும் என்பதைத்தான் இங்கே பிரித்துப் பார்க்கிறோம்.

முதலில் நிலவியல் கொஞ்சம், ஏனென்றால் பாதித் தவறுகள் இங்கேதான் தொடங்குகின்றன. டோரு ஸ்பெயினில் பிறந்து மேற்கே ஓடி போர்ட்டோவில் கடலில் கலக்கிறது. 1756-இல் போர்ச்சுகலின் அமைச்சர் பொம்பால் பிரபுவின் ஆட்சியில் எல்லை குறித்துக் காக்கப்பட்ட ஒயின் வட்டாரம், 2001-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய நிலப்பரப்பு, இரண்டுமே போர்ட்டோவின் வாசலில் இல்லை. ஆற்றை எதிர்த்துக் கிழக்கே வெகுதூரம் போக வேண்டும். கடற்காற்று தடைபட்டு, கருங்கல் பாறை முடிந்து, ஏடு ஏடாக உடையும் சிஸ்ட் பாறை தொடங்கும் இடத்தில்தான் திராட்சைப் படிகள் வருகின்றன. ரேகுவா என்ற ஊர் இந்த வட்டாரத்தின் நுழைவாயில். அதற்கும் மேலே சுமார் 27 கிலோமீட்டரில் பின்யாவ் என்ற சிற்றூர். படங்களில் பார்த்து ஆசைப்பட்ட வளைவும் படிக்கட்டுச் சரிவும் பெரும்பாலும் இந்த இரண்டு ஊர்களுக்கு நடுவிலோ பின்யாவுக்கு அப்பாலோ எடுத்தவை. போர்ட்டோவிலிருந்து பின்யாவ் சாலைவழி சுமார் 130 கிலோமீட்டர்.

ஆகவே ஒன்றை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்: இந்த வட்டாரத்தில் விளையும், ஆல்கஹால் சேர்த்து வலுவூட்டிய இனிப்பு ஒயினான போர்ட்டைச் சுவைத்தால் போதுமா, அது விளையும் மண்ணையும் பார்க்க வேண்டுமா? சுவைத்தால் போதும் என்றால் இந்தப் பயணமே வேண்டாம். போர்ட்டோவின் ஆற்றங்கரையிலிருந்து முதலாம் லூயிஸ் பாலத்தை நடந்து கடந்தால் எதிர்க்கரை கையா. போர்ட் நிறுவனங்களின் முதிர்விப்புக் கிடங்குகள் அங்கே வரிசையாக இருக்கின்றன. ஒரு மதியம் போதும். டோரு பயணத்துக்குச் செலவிடும் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் நிலத்துக்காகத்தான்.

## எதை வைத்து எடை போடுவது

பள்ளத்தாக்கில் கையில் இருக்கும் நேரம். புறப்படும் நேரத்தையும் திரும்பும் நேரத்தையும் பார்த்து ஏமாற வேண்டாம். ரேகுவாவுக்கு மேலே எத்தனை மணி நேரம் இருப்பீர்கள் என்பதே கணக்கு.

யார் குடிப்பது, யார் ஓட்டுவது. இது ஒன்றே பல குழுக்களுக்கு முடிவைத் தந்துவிடும்.

கிண்டாவைத் தேர்ந்தெடுக்கும் உரிமை. திராட்சைத் தோட்டம், வீடு, ஒயின் கூடம் எல்லாம் சேர்ந்த பண்ணைக்கு அங்கே கிண்டா என்று பெயர். உலகம் முழுக்க விற்கும் பெரிய பெயர்களும் உண்டு, அதிகம் அறியப்படாத சிறு பண்ணைகளும் உண்டு. குறிப்பிட்ட ஒரு கிண்டாவைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் சில வழிகள் உடனே அடிபட்டுப் போகும்.

முழுச் செலவு. டிக்கெட் விலையை மட்டும் ஒப்பிடாமல், ஒரே பட்டியலை நான்கு வழியிலும் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஏதாவது தவறினால் என்ன வழி. ரயில் வேலைநிறுத்தம், மூடுபனி, வளைவுச் சாலையில் குமட்டல், அணையில் படகை ஏற்றி இறக்கும் மடை மூடப்படுவது என்று ஒவ்வொரு வழிக்கும் சொந்தத் தலைவலி இருக்கிறது.

## செலவை ஒரே தட்டில் வைத்தால்

கீழே உள்ளவை இரண்டு பேருக்கான மதிப்பீடு. பருவத்துக்கும் முன்பதிவுக்கும் ஏற்ப விலை ஏறி இறங்கும் என்பதால் விகிதத்தைப் பாருங்கள். கிண்டாவே இல்லாத படகை விட்டு, மற்ற மூன்று வழியிலும் ஒரே பட்டியல்: இரண்டு கிண்டாவில் சுவைப்பு (ஒருவருக்கு ஒவ்வொன்றும் 25 யூரோ), மதிய உணவு (ஒருவருக்கு 25), ஒரு மணி நேரப் படகு (ஒருவருக்கு 12 அல்லது 13).

ரயிலில் போனால் போக வர டிக்கெட் இருவருக்கும் சேர்த்து 50 யூரோவுக்குள். சுவைப்பு 100, சாப்பாடு 50, படகு 25 என்று கூட்டினால் சுமார் 225.

காரில் போனால் ஒருநாள் வாடகை 60, சுமார் 280 கிலோமீட்டருக்குப் பெட்ரோல் 30, சுங்கமும் நிறுத்தக் கட்டணமும் 15. அதோடு அதே 175. மொத்தம் 280.

எட்டுப் பேர் போகும் வேன் சுற்றுலா ஒருவருக்கு 100 முதல் 120 யூரோ. இரண்டு கிண்டா, சாப்பாடு, படகு மூன்றும் பெரும்பாலும் அதற்குள் அடங்கும். இருவருக்கு 220.

'ரயில்தான் மலிவு' என்ற பேச்சு இங்கே ஆட்டம் காண்கிறது. டிக்கெட் மலிவு என்பது உண்மை, ஆனால் அது அன்றைய செலவில் கால் பங்குகூட இல்லை. ஒரே பட்டியலைப் போட்டால் ரயிலும் வேனும் ஏறக்குறைய ஒரே விலை. நான்கு பேர் சேர்ந்து கார் எடுத்தாலும் 455 அளவில் வந்து நிற்கும், வேனில் 440. கிண்டா ஒன்றைக் குறைத்து, படகை விட்டு, ரொட்டியும் பாலாடைக்கட்டியும் வாங்கி ஆற்றங்கரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறவருக்கு மட்டுமே ரயில் உண்மையில் மலிவு. அவருக்கு 100 யூரோ இருவருக்கும் போதும். மற்றவர்கள் பணத்தை ஓரமாக வைத்துவிட்டு நேரத்தையும் குடியையும் வைத்து முடிவெடுக்கலாம்.

## ரயில்: இருவரும் குடிக்க வேண்டும், அவசரம் இல்லை என்றால்

டோரு ரயில் பாதை போர்ட்டோவின் சாவ் பென்ட்டு நிலையத்தில் தொடங்கி, கம்பான்யா வழியாக ரேகுவா, பின்யாவ், துவா என்று போய் போசின்யுவில் முடிகிறது. பின்யாவுக்குச் சுமார் இரண்டரை மணி நேரம். முதல் ஒரு மணி நேரம் புறநகரும் வயலும்தான், தூங்கினாலும் நட்டமில்லை. அதன்பின் பாதை ஆற்றங்கரைக்கு இறங்கி, தண்ணீரை ஒட்டியே ஓடும். போகும்போது வலப்பக்க ஜன்னல், திரும்பும்போது இடப்பக்கம். ஆற்றை இவ்வளவு அருகில் பார்த்துக்கொண்டே போகலாம் என்பதால் பயண நேரத்தில் பாதியைப் பள்ளத்தாக்கு நேரமாகவே கணக்கில் எடுத்துக்கொள்ளலாம்.

இந்த ரயில்களில் இருக்கை எண் கிடையாது. கோடை வார இறுதிகளில் கம்பான்யாவில் ஏறுகிறவர்கள் நின்றுகொண்டே போக நேரிடும். ஆகவே தொடக்க நிலையமான சாவ் பென்ட்டுவிலேயே, புறப்படுவதற்கு அரை மணி முன்னால் போய் ஏறுங்கள். அங்கே கூடத்தின் சுவர் முழுக்க ஜோர்ஜ் கொலாசு வரைந்த நீல ஓட்டுச் சித்திரங்கள் இருப்பதால் காத்திருப்பு சலிக்காது. திரும்பும் டிக்கெட்டையும் போர்ட்டோவிலேயே வாங்கிவிடுங்கள். பின்யாவ் சிறிய நிலையம், மாலையில் கவுன்ட்டரை நம்பிப் போகக் கூடாது. 65 வயதைக் கடந்தவர்களுக்கும் 4 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கும் அரைக் கட்டணம். பெரியவர்கள் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருக்க வேண்டும்.

பின்யாவ் வரை போகும் ரயில்கள் ஒரு நாளைக்கு விரல் விட்டு எண்ணக்கூடியவை. இதுதான் ரயிலின் பெரிய விலை. காலை ஒன்பது மணியை ஒட்டிய வண்டியில் ஏறினால் பதினொன்றே முக்கால் வாக்கில் பின்யாவ், மாலை ஐந்தரை வாக்கில் திரும்பும் வண்டி. நடுவில் ஆறு மணி நேரத்துக்கும் குறைவு. கால அட்டவணை மாறும் என்பதால் பயணத்துக்கு முந்தைய வாரம் போர்ச்சுகல் ரயில்வேயின் தளத்தில் மறுபடி பாருங்கள். வேலைநிறுத்த அறிவிப்பும் பாதைப் பராமரிப்பால் பேருந்து மாற்று உண்டா என்பதும் அங்கேதான் தெரியும்.

அந்த ஆறு மணி நேரத்தை அடுக்கும் முறையில்தான் பலர் சறுக்குகிறார்கள். பதினொன்றே முக்காலுக்கு இறங்கி, பன்னிரண்டு மணிக்கே சுவைப்புக்குப் பதிந்துவைப்பார்கள். ரயில் இருபது நிமிடம் தாமதித்தால் குழு உள்ளே போயிருக்கும். தாமதிக்காவிட்டாலும், வெறும் வயிற்றில் இருபது விழுக்காடு ஆல்கஹால் கொண்ட போர்ட்டைக் குடித்துவிட்டு வெயிலில் நடக்க வேண்டியிருக்கும். அதைவிட இந்த வரிசை நல்லது:

- 12.15: மதிய உணவு. பல சமையலறைகள் மூன்று மணியோடு மூடிவிடும், ஆகவே உணவைப் பின்னால் தள்ள முடியாது.
- 14.00: முதல் கிண்டா. சுற்றிக் காட்டி, சுவைக்கக் கொடுத்து முடிய ஒன்றேகால் மணி நேரம்.
- 15.45: ஆற்றில் ஒரு மணி நேரம், அல்லது இரண்டாவது கிண்டா.
- 17.00: நிலையம்.

நிலையத்துக்கு முன்னதாகவே வருவதில் ஒரு லாபம் உண்டு. பின்யாவ் நிலையத்தின் வெளிச்சுவரில் 1937-இல் பதித்த 24 ஓட்டுச் சித்திரங்கள் இருக்கின்றன. அறுவடை, கூடை சுமப்பவர்கள், பீப்பாய் ஏற்றிய படகுகள் என்று அணை கட்டுவதற்கு முந்தைய டோருவை அங்கே பார்க்கலாம்.

நடந்தே போகக்கூடிய கிண்டாக்களுக்குப் பஞ்சமில்லை. டவ் போர்ட்டின் தாய்வீடான கிண்டா டு பொம்ஃபிம் நிலையத்திலிருந்து பத்து நிமிடத்துக்குள். கிராஃப்ட் நிறுவனத்தின் கிண்டா டா ரொயேடா கால் மணி நேரத்தில். கிண்டா டி லா ரோசா ஆற்றோரச் சாலையில் எதிர்த்திசையில் ஒன்றரைக் கிலோமீட்டர். பாலத்தைக் கடந்தால் தென்கரையில் கிண்டா தாஸ் கர்வாலியாஸ். முதல் முறை போகிறவருக்கு பொம்ஃபிம், ரொயேடா ஆகிய இரண்டே போதும். ஜூலை, ஆகஸ்டில் பள்ளத்தாக்கின் அடியில் 40 பாகையைத் தொடும் நாட்கள் உண்டு. பிற்பகல் மூன்று மணிக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் என்பது அப்போது வேறு தூரம்.

மேலேறிப் பார்க்கும் காட்சி ரயிலில் போகிறவருக்கு எளிதில் கிடைக்காது. பின்யாவுக்கு மேலே உள்ள கசால் டி லொய்வுஸ் காட்சிமுனையிலிருந்து ஆறு முழங்கை போல வளைவது தெரியும், ஆனால் அது நடந்து ஏறுகிற உயரம் இல்லை. ஊர் டாக்சியைத்தான் பிடிக்க வேண்டும். செயலி வழியாக வண்டி கிடைக்கும் என்று நினைத்து அங்கே நிற்காதீர்கள். உணவகத்தில் உட்கார்ந்ததுமே டாக்சிக்குச் சொல்லி, போக, காத்திருக்க, வர என்று ஒரே தொகை பேசிவிடுங்கள்.

## கார்: குடிக்காத ஒருவர் இருந்தால் மட்டும்

கார் தருவது நேரமும் உயரமும். காலை எட்டுக்குக் கிளம்பினால், ஏ4 நெடுஞ்சாலையில் 2016-இல் திறந்த மராவ் சுரங்கத்தைக் கடந்து, விலா ரியாலில் ஏ24-க்குத் திரும்பி, ஒன்பதரைக்கு ரேகுவா. மாலை ஆறரை வரை அங்கேயே இருக்கலாம். ஒன்பது மணி நேரம். வேறு எந்த வழியும் இதன் அருகில் வராது. ரேகுவாவிலிருந்து பின்யாவ் வரை தென்கரையில் தண்ணீரை ஒட்டிப் போகும் என்222 சாலை, கார் ஓட்டப் பிடித்தவர்களுக்கே தனியாக ஒரு காரணம். சாண்டெமான் போர்ட் நிறுவனத்தின் கிண்டா டு செய்ஷு, ரேகுவாவுக்கு எதிர்க்கரையில் உள்ள கிண்டா டா பஷேக்கா போன்ற, ரயிலில் வருகிறவருக்கு எளிதில் எட்டாத பண்ணைகளும், மலைமேல் காட்சிமுனைகளும் கைக்கு வரும்.

இனி மறைந்திருக்கும் விலை. போர்ச்சுகலில் ஓட்டுநரின் இரத்தத்தில் ஆல்கஹால் லிட்டருக்கு 0.5 கிராமுக்குக் கீழே இருக்க வேண்டும். உரிமம் பெற்று மூன்று ஆண்டு ஆகாதவருக்கு 0.2. 0.5-ஐத் தொட்டாலே 250 யூரோவில் தொடங்கும் அபராதம், 1.2-ஐத் தொட்டால் குற்றவழக்கு. 'கொஞ்சம்தானே ஊற்றுகிறார்கள்' என்ற நினைப்பைக் கணக்கு கலைத்துவிடும். ஒரு கிண்டாவில் ஐந்து போர்ட், ஒவ்வொன்றும் 40 மில்லி என்றால் 200 மில்லி. 20 விழுக்காடு வலிமையில் அதில் 40 மில்லி ஆல்கஹால், அதாவது கிட்டத்தட்ட 32 கிராம். 70 கிலோ எடையுள்ள ஆணுக்கு இது தோராயமாக 0.66-க்குக் கொண்டுபோகும். 55 கிலோ பெண்ணுக்கு 1.0-ஐத் தாண்டும். உடல் ஒரு மணிக்கு ஏறத்தாழ 0.15 தான் கழிக்கும். இது ஒரே ஒரு கிண்டாவின் கணக்கு, சாப்பாட்டு மேசையில் வைக்கும் ஒயின் சேரவில்லை. போர்ட்டை விட்டு 13.5 விழுக்காட்டுச் சாதா ஒயின்களையே ஐந்து முறை ருசித்தாலும் அந்த 70 கிலோக்காரர் 0.45-இல், எல்லையின் விளிம்பில் நிற்பார்.

துப்பும் பாத்திரம் மேசையில் இருக்கும், கேட்டால் தருவார்கள், துப்புவதில் கூச்சமும் தேவையில்லை. ஒயின் தொழிலில் உள்ளவர்கள் எல்லோரும் துப்புகிறவர்களே. ஆனால் விடுமுறைக்கு வந்தவர் நான்காவது கோப்பையில் பீப்பாயில் இருபது ஆண்டு முதிர்ந்த டானி வகைப் போர்ட்டைத் துப்புவார் என்று திட்டமிடுவது மனித இயல்புக்குப் பொருந்தாத திட்டம். குழுவில் குடிக்காதவர் ஒருவர் இருந்தால் கார் மிகச் சிறந்த வழி. அப்படி யாரும் இல்லை என்றால் அதைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடலாம். குடித்து ஓட்டி விபத்து நடந்தால் வாடகைக் காரின் காப்பீடும் கைகொடுக்காது.

மற்றவை சிறு தொல்லைகள். இந்திய உரிமம் வைத்திருப்பவரிடம் வாடகை நிறுவனங்கள் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியையும் கேட்கும். ஊரிலேயே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எடுத்துவர வேண்டும். வண்டி சாலையின் வலப்பக்கம், ஸ்டியரிங் இடப்பக்கம். ஆட்டோமேட்டிக் கியர் வண்டிகள் குறைவு, விலையும் அதிகம், முன்கூட்டியே கேட்டுப் பதியுங்கள். புதிய பக்கம், கையால் கியர், குறுகிய மலைவளைவு மூன்றையும் ஒரே நாளில் பழகப் பார்ப்பது நல்லதல்ல. பின்யாவிலிருந்து அலிஜோ, சப்ரோசா பக்கம் ஏறும் சாலைகளில் பின்னிருக்கைக்காரர்களுக்குத் தலை சுற்றும். அப்படிப்பட்டவர் இருந்தால் போனபடியே என்222 வழியாகத் திரும்புங்கள்.

இன்னொன்று: வரைபடத்தில் ஒரு கிண்டா முந்நூறு மீட்டரில் தெரியும், ஆனால் எதிர்க்கரையில் இருக்கும். ரேகுவாவிலும் பின்யாவிலும் உள்ள பாலங்களை வைத்துத்தான் நாளைத் திட்டமிட முடியும். முன்பதிவுக்கு முன்னால் கிண்டா எந்தக் கரையில் என்று பார்த்து, ஒரு கரையில் காலை, மறு கரையில் மாலை என்று பிரித்துவிடுங்கள்.

## வேன் சுற்றுலா: யோசிக்கவே நேரமில்லை என்றால்

எட்டுப் பயணிகள், ஒரு ஓட்டுநர்-வழிகாட்டி. காலை எட்டு, எட்டரைக்கு அழைத்துப் போய் மாலை ஆறரை, ஏழுக்குக் கொண்டுவந்து விடுவார்கள். நான்கு மணி நேரம் சாலையில் போகும், ஆறு, ஆறரை மணி நேரம் பள்ளத்தாக்கில் கிடைக்கும். எல்லோரும் குடிக்கலாம், என்222-வும் பார்க்கலாம், காட்சிமுனைக்கும் ஏறலாம். விலை ரயிலுக்கு நிகர் என்று மேலே பார்த்தோம். அப்படியானால் குறை என்ன?

கிண்டா உங்கள் கையில் இல்லை. பல விளம்பரங்களில் 'இரண்டு கிண்டா' என்று மட்டும் இருக்கும், பெயர் இருக்காது. அன்று எது ஒத்துக்கொள்கிறதோ அங்கே போவார்கள். பதிவதற்கு முன் நான்கு கேள்வி கேளுங்கள்: எந்தெந்தக் கிண்டா, ஒவ்வொன்றிலும் எத்தனை ஒயின், சாப்பாடு கிண்டாவிலா ஊர் உணவகத்திலா, குழுவில் உச்ச எண்ணிக்கை எவ்வளவு. கடைசிக் கேள்வி முக்கியம். ஐம்பது பேர் பேருந்தில் போகும் சுற்றுலா முப்பது நாற்பது யூரோ மலிவாகத் தெரியும், ஆனால் ஐம்பது பேர் இறங்கி, கழிப்பறை வரிசையில் நின்று, ஏறி முடிப்பதிலேயே ஒவ்வொரு நிறுத்தத்திலும் இருபது நிமிடம் கரையும். அந்த மிச்சம் தேவையில்லை.

நான்கைந்து பேர் கொண்ட குடும்பம் தனி ஓட்டுநரை அமர்த்திக்கொள்வதும் உண்டு. ஒருவருக்கான விலை வேனைவிட ஏறும். பதிலாகக் கிண்டாவும் நேரமும் உங்கள் விருப்பம். முதியவர்கள் உடன் வந்தால் கூடுதல் பணத்துக்கு இது தகும்.

## படகு: ஒயினுக்காக என்றால் வேண்டாம்

போர்ட்டோவிலிருந்து ரேகுவா வரை ஆற்றில் ஏறிப் போய், ரயிலில் திரும்பும் பயணம் ஒருவருக்கு 70 முதல் 100 யூரோ. காலைச் சிற்றுண்டி, மதிய உணவு, ஒரு கோப்பை போர்ட் அடக்கம். விளம்பரப் படங்களில் திராட்சைப் படிகள் இருக்கும். ஆனால் ஆறு, ஏழு மணி நேரப் பயணத்தில் பெரும்பகுதி ஒயின் வட்டாரத்துக்குக் கீழே உள்ள மரங்கள் அடர்ந்த கருங்கல் மலைகளுக்கு நடுவில்தான். படிகள் தலைகாட்டத் தொடங்கும்போது ரேகுவா வந்துவிடும், இறங்கி ரயிலைப் பிடிக்க ஓட வேண்டும். கிண்டா எதுவும் கிடையாது.

அதற்காகப் படகைத் தள்ளிவிடவும் முடியாது. வழியில் இரண்டு அணைகளின் மடைகளுக்குள் படகு நுழையும். க்ரெஸ்டுமா-லெவரில் 14 மீட்டர், கராபட்டேலுவில் சுமார் 35 மீட்டர். கிணற்றுக்குள் இறங்கியது போன்ற ஈரச் சுவர்களுக்கு நடுவே நின்றுகொண்டு, தண்ணீர் ஏற ஏறப் பத்து மாடி உயரம் மேலே வருவது பிள்ளைகளுக்கும் பொறியியல் ஆர்வலர்களுக்கும் ஒயினைவிடப் பெரிய விஷயம். நடக்க முடியாதவர்களுக்கும், மலைச்சாலை ஒத்துவராதவர்களுக்கும் இதுவே வசதி. குளிர்காலத்தில் மடைப் பராமரிப்பால் பயணங்கள் நிற்கும், மார்ச் முதல் நவம்பர் வரை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆற்றிலிருந்து படிகளைப் பார்ப்பதுதான் ஆசை என்றால் அதற்கு மலிவான வழி பின்யாவ் படித்துறை. முன்பு பீப்பாய் ஏற்றிய ரபேலு படகின் வடிவத்தில் கட்டிய சுற்றுலாப் படகுகள் அங்கிருந்து ஒரு மணி, இரண்டு மணி நேரச் சுற்றாகப் போகின்றன. ஒரு மணி நேரமே போதும். இரண்டாவது மணி நேரத்தில் காட்சி அழகாகவே இருக்கும், ஆனால் அந்த நேரத்துக்குக் கிண்டா ஒன்றைப் பலி கொடுக்க வேண்டிவரும்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| | ரயில் | கார் | வேன் | போர்ட்டோ–ரேகுவா படகு |
|---|---|---|---|---|
| பள்ளத்தாக்கில் நேரம் | 6 மணிக்குள் | 9 மணி வரை | 6 முதல் 6½ மணி | ரேகுவாவில் சிறிது நேரம் |
| இருவருக்கு மொத்தம் | சுமார் 225 யூரோ | சுமார் 280 யூரோ | சுமார் 220 யூரோ | 140–200 யூரோ, கிண்டா இல்லாமல் |
| எல்லோரும் குடிக்கலாமா | ஆம் | ஓட்டுபவர் கூடாது | ஆம் | ஆம், ஒரு கோப்பைதான் |
| கிண்டா தேர்வு | நடக்கும் தூரத்தில் உள்ளவை | எதுவும் | நடத்துபவர் முடிவு | இல்லை |
| மலைமேல் காட்சி | டாக்சி பிடித்தால் | உண்டு | பெரும்பாலும் உண்டு | இல்லை |
| பெரிய அபாயம் | கடைசி வண்டியைத் தவறவிடுவது, வேலைநிறுத்தம் | ஆல்கஹால் எல்லை, வளைவுச் சாலை | பெரிய குழு, பெயரில்லாக் கிண்டா | மடை மூடல், தவறான எதிர்பார்ப்பு |

முதல் முறை வரும் தம்பதிக்கு ஏப்ரல் முதல் ஜூன் வரையிலும் அக்டோபரிலும் ரயில். ஜூலை, ஆகஸ்டில் அதே தம்பதிக்கு வேன், ஏனென்றால் வெயிலில் நடப்பதும் நெரிசலில் நிற்பதும் மிச்சம். குடிக்காத ஓட்டுநர் உள்ள குழுவுக்கு எந்தப் பருவத்திலும் கார். சிறு பிள்ளைகளோடு வந்து, பெற்றோரில் ஒருவர் மட்டும் ஒயினில் ஆர்வம் காட்டினாலும் கார்தான். 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு ஊற்ற மாட்டார்கள், கூடவே சுற்றிப் பார்க்கப் பெரும்பாலும் தடையில்லை.

செப்டம்பரில் மட்டும் கணக்கு மாறும். அது அறுவடைக் காலம். பழைய கற்தொட்டிகளில் காலால் திராட்சை மிதிப்பதைச் சில கிண்டாக்களில் பார்க்கலாம், முன்பதிவு செய்தவர்களைச் சில இடங்களில் இறங்கவும் விடுவார்கள். பெரும்பாலும் அது மாலை, இரவு வேலை என்பதால் மாலை ரயிலுக்குத் திரும்புகிறவர் பார்க்க முடியாது. மிதிப்பதைப் பார்க்க ஆசை என்றால் ஒருநாள் பயணத்தை விட்டு பின்யாவில் ஓர் இரவு தங்குங்கள்.

## எந்த வழியில் போனாலும்

ஒரு நாளைக்கு இரண்டு கிண்டா போதும். மூன்றாவதில் சிவப்பு ஒயினின் துவர்ப்பு நாக்கில் படிந்து எல்லாமே ஒன்றுபோலத் தோன்றும், காசு வீண். இரண்டும் வெவ்வேறு வகையாக இருக்கட்டும்: ஒன்றில் போர்ட் வரிசை, மற்றதில் டோருவின் சாதா ஒயின் வரிசை. இனிப்பு பிடிக்காதவர்கள் பதியும்போதே சாதா ஒயின் வரிசை வேண்டும் என்று எழுதிவிடலாம். போர்ட்டில் ரூபி, டானி இரண்டும் கலந்த வரிசையைக் கேளுங்கள். பெரிய கலங்களில் பழச்சுவை மாறாமல் வைத்த ரூபிக்கும் சிறு பீப்பாயில் காற்றுப்பட்டு ஆண்டுக்கணக்கில் முதிர்ந்த டானிக்கும் உள்ள வேறுபாடு அடுத்தடுத்துக் குடித்தால்தான் பிடிபடும்.

சைவர்கள் உணவை அதிர்ஷ்டத்துக்கு விடக் கூடாது. அந்த ஊர்ச் சமையலில் ஆட்டுக்குட்டி, மாட்டிறைச்சி, உப்பிட்ட காட் மீன்தான் பிரதானம். கீரை சூப் என்று நம்பிக் கேட்கும் கல்து வெர்டேயில்கூடப் பன்றித் தொத்திறைச்சித் துண்டு ஒன்று மிதக்கும். கிண்டாவிலோ வேன் நடத்துபவரிடமோ இரண்டு நாள் முன்பே 'இறைச்சியும் மீனும் வேண்டாம், முட்டையும் பாலும் ஆகும்' என்று திட்டமாகச் சொல்லுங்கள். 'சைவம்' என்ற ஒற்றைச் சொல்லுக்கு மீன் வந்து சேருவது அங்கே நடக்கிற கதை.

பாட்டில் வாங்குவதாக இருந்தால் அது விமானத்தில் சரக்குப் பெட்டியில் போக வேண்டும், கைப்பையில் விடமாட்டார்கள். போர்ட் 24 விழுக்காட்டுக்குக் கீழே என்பதால் விமானப் பாதுகாப்பு விதியில் அளவுக் கட்டுப்பாடு இல்லை. ஆனால் இந்தியச் சுங்கத்தில் ஒருவருக்கு 2 லிட்டர் வரைதான் வரியில்லை, அதாவது 750 மில்லி பாட்டில் இரண்டு. போர்ட்டோ கடைகளிலும் கிடைக்கும் பெயர்களைப் பள்ளத்தாக்கிலிருந்து சுமந்து வராதீர்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் மூன்று மணி நேரம் கிடந்த ஒயினை ருசி பார்க்க வேண்டியிருக்காது.

பதியும் வரிசையும் முக்கியம். முதலில் கிண்டா, அதன் நேரம் உறுதியானபின் உணவகம், அதன்பின் கார் அல்லது வேன். ரயில் டிக்கெட் கடைசியில் வாங்கினாலும் போதும். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை கிண்டாவுக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே எழுதுங்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை இடம் எளிதாகக் கிடைக்கும், ஆனால் சில கிண்டாக்கள் வாரத்தில் சில நாள் மூடியிருக்கும், காலையில் ரேகுவா பக்கம் மூடுபனி படுத்திருக்கும். அப்போது முதல் சுவைப்பைக் காலையில் வைத்து, காட்சிமுனையை மதியத்துக்குத் தள்ளிவிடுங்கள்.